ஓடத் தெரிந்த கங்காணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேரைப் பற்றி எழுதும்போது ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகி காட்டியிருந்தார். உண்மைதான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கொப்பியில் எழுதும்போது வரி கோணலாகப் போகும். நினைவும் அப்படித்தான் போகிறது.

இந்த வாரம் எழுதப்போவது, இருபது வருஷத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாத விஷயம். அதனால் இன்னும் கொஞ்சம் கோணல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடப் பேச்சு

ஒரு வியாழக்கிழமை பின்னேரம். மழை விட்டிருந்தது. லயத்துக் கூரைத் தகரத்திலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் வாசலில் கட்டை போட்டு உட்கார்ந்து கறிக்குக் கோவா இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். என் முன்னால் நிரோஷா கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

நிரோஷா என் தம்பி முத்துசாமியின் மகள். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராதான் அவர்கள் வீடு. ஹட்டனில் ஒரு கல்லூரியில் உயர்தரம் படித்து முடித்தவள். ஓட்டக்காரி. மூவாயிரம் மீற்றர் ஓட்டத்தில் மாகாணத்தில் இரண்டாவதாக வந்தவள். அவள் வாங்கிய கிண்ணங்கள் தம்பி வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அவற்றுக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுவார்கள்.

ராணுவத்தில் அதிகாரியாகச் சேர அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அங்கே ஏதாவது ஒரு தலைப்பைக் கொடுத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்களாம். பழகிக்கொள்ள அவளுடைய விளையாட்டு மாஸ்டர் பத்துத் தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதில் மூன்றாவது இது: கல்லூரியில் விளையாட்டு வீரர்களாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட நல்ல ராணுவ அதிகாரிகள் ஆவார்களா?

“அத்தை, மொத தமிழில பேசிப் பாக்குறேன். பொறகு சிங்களத்தில. அஞ்சு நிமிஷத்துல போன் அடிக்கும், அப்ப நிறுத்துங்க.”

“நீ பேசுறத நான் எப்படி நிறுத்துறது?”

“கைய காட்டுங்க, போதும்.”

பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். விளையாட்டு வீரர்கள் விடியற்காலையில் எழும்பப் பழகியவர்கள் என்றாள். தோற்றாலும் மறுநாள் மைதானத்துக்கு வந்து நிற்கிறவர்கள் என்றாள். உடம்பு வலியைத் தாங்கும், மனசு கட்டளைக்குப் படியும் என்றாள். குழாயடிக்குப் போன இரண்டு பெண்கள் வாளியை வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். அவளுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

“ஆபத்து வரும்போது மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நிற்பார்கள். ஓட்ட வீராங்கனை யோசிக்க மாட்டாள். அவளுடைய கால் முதலில் கிளம்பிவிடும்!”

அந்த இடத்தில் என் கத்தி நின்றுவிட்டது.

போன் அடித்தது. நான் கையைக் காட்ட மறந்துவிட்டேன்.

“என்னா அத்தை? நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப ஏன் மூஞ்சி அப்படிப் போச்சு?”

“கோவாவுல புழு,” என்றேன். கோவாவில் புழு இல்லை.

தம்பி சொன்ன தீர்ப்பு

அந்த நேரம் தம்பி பெக்டரி வேலை முடிந்து வந்தான். தொப்பியைக் கழற்றித் தேயிலைத் தூசியைத் தட்டிக்கொண்டே, “யாருக்கு இந்தப் பிரசங்கம்?” என்றான்.

“எனக்கு,” என்றேன்.

“நல்ல ஆளாப் பாத்துத்தான் புடிச்சிருக்கா. எதிர்த்துப் பேச மாட்டன்னு தெரியும்.” பிறகு மகளைப் பார்த்து, “வாத்தியார் வேலைக்கு எழுதுடின்னா, துப்பாக்கி தூக்கப் போறேங்கிற,” என்றான்.

“மொதல்ல துப்பாக்கி இல்லப்பா. மொதல்ல சப்பாத்துக்குப் பாலிஷ் போடுறதாம்.”

“அத இங்கயே போடலாம். என் சப்பாத்து அந்தா கெடக்கு.”

குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

அவன் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். யுத்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தம்பியிடம் அடையாள அட்டை இல்லை. அந்த நாளில் எங்களில் பாதிப் பேரிடம் இல்லை. காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் வெயிலில் நிற்கவைத்து விட்டுவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் கையில் வைத்திருந்த பனங்கட்டிப் பொட்டலம் உருகிச் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பச்சை உடுப்பைக் கண்டால் அவன் ரோட்டின் அந்தப் பக்கம் மாறித்தான் நடப்பான். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு சொந்த மகளே வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கம் மாறுவான்?

ஆனாலும் மகள் ஆசையை ஒரேயடியாக வெட்டவும் அவனுக்கு மனசில்லை. கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

“அக்கா சொல்லட்டும். அக்கா கங்காணியா இருந்தவ. பத்துப் பேர முன்னால நிறுத்தி வேல வாங்குறது என்னான்னு அவளுக்குத்தான் தெரியும். இந்தப் புள்ளைக்கு அது சரிவரும்னு அக்கா சொன்னா திங்கக்கெழம பஸ்ஸேறட்டும். இல்லன்னா வாத்தியார் வேலதான். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.”

நிரோஷா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சரி என்று சொல்லிவிட்டதாகவே நினைத்துவிட்டாள்.

அன்றைக்குக் கோவாக் கறியில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

சுடுதண்ணிப் போத்தல்

நான் எப்படிக் கங்காணி ஆனேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் எனக்காக, “வந்திருக்கா ஐயா” என்பாள். ஆனால் என் கை வேகமான கை. கால் அதைவிட வேகம். செங்குத்தான மலையில் கூடையோடு ஏறுவதில் என்னை முந்த ஆள் இல்லை என்று சொல்வார்கள். இதை நானே எழுதுவது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இது இல்லாமல் கதை இல்லை.

ஒரு வருஷம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் போட்டி வைத்தார்கள். நான் முதலாவதாக வந்தேன். பரிசாகச் சூடு ஆறாத ஒரு சுடுதண்ணிப் போத்தல் கொடுத்தார்கள், சிவப்புப் பூப் போட்டது. தோட்டத்துத் துரை என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் ஏதோ சொன்னார். அடுத்த வாரம் எங்கள் கூட்டத்துக்கு நான் கங்காணி. முன்பு இருந்த கங்காணி பென்ஷன் வாங்கியிருந்தார். வேகமாகப் பறிக்கிறவளைப் போட்டால் எல்லாரும் வேகமாகப் பறிப்பார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

“அழகம்மா கங்காணியா? வாயில்லாத புள்ள எப்படி ஏசும்?” என்று கேட்டாள் வெள்ளையம்மா.

வெள்ளையம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாலைந்து வயது மூத்தவள். பருத்த உடம்பு. முழங்கால் வலி. பக்கத்து நிரையில் பல வருஷம் என்னோடு நின்றவள். நிரை என்றால் ஒவ்வொருத்திக்கும் பிரித்துக் கொடுக்கிற தேயிலை வரிசை. என் நிரையை முடித்துவிட்டு நான் அடுத்த முனையிலிருந்து அவளுடைய நிரையில் எதிராகப் பறித்துக்கொண்டு வருவேன். பாதியில் இரண்டு பேரும் சந்திப்போம். “வந்துட்டா ரயிலு,” என்பாள்.

கங்காணி ஆனதும் அது நின்றுபோனது. கங்காணி பறிக்கக் கூடாது. கூடையும் கிடையாது. கையில் ஒரு கம்பு. இடுப்பில் கட்டுகிற தடித்த படங்குத் துணி மட்டும் பழையபடி இருக்கும். இன்னொன்றும் உண்டு. கங்காணி நிற்க வேண்டிய இடம் கூட்டத்துக்குப் பின்னால். யார் நிரையை விட்டுப் போகிறாள், யாருக்குக் கால் வழுக்குகிறது, யார் களைத்துவிட்டாள் என்பதெல்லாம் பின்னால் நின்றால்தான் தெரியும். பழைய கங்காணி நாள் முழுக்கப் பின்னாலேயே நிற்பார்.

எனக்கு அது முடியவில்லை. கால் நிற்காது. அரை மணி நேரம் பின்னால் நிற்பேன். பிறகு எப்படியோ முன்னால் போயிருப்பேன். பெண்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே மலை ஏறிப் பழகிவிட்டார்கள்.

குளவி

எந்த மாதம் என்று நினைவில்லை. சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் போகிற காலம். நல்லதண்ணிப் பக்கம் போகிற பஸ்கள் கீழே ரோட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது மட்டும் காதில் இருக்கிறது. வெயில் நாள்.

மேட்டில் ஒரு பெரிய மரத்தில் குளவிக் கூடு இருந்தது. எங்களுக்குத் தெரியும். கண்டாக்கு ஐயாவுக்கும் தெரியும். பருந்து அடித்துக் கூடு கலைந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். தூரத்தில் லொறி ஒன்று மேடு ஏறுவது மாதிரி ஒரு சத்தம்.

குளவி கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஓடக் கூடாது. ஓடுகிறவரைத்தான் குளவி துரத்தும். இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு தேயிலைச் செடிக்கு அடியில் புகுந்து படுத்துவிட வேண்டும். அசையாமல் கிடந்தால் அது மேலே சுற்றிவிட்டுப் போய்விடும்.

எனக்கும் தெரியும். கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். “படுங்க!” ஒரே ஒரு சொல்.

நான் ஓடினேன்.

யோசித்து ஓடவில்லை. சத்தம் கேட்டதும் கால் கிளம்பிவிட்டது. நான் முன்னால் நின்றவள். இருபத்திரண்டு பெண்களும் என் முதுகைப் பார்த்தார்கள். என் முதுகு ஓடியது. அவர்களும் ஓடினார்கள். படுக்கத் தெரிந்தவர்கள்தான் எல்லாரும். கங்காணியே ஓடும்போது யார் படுப்பாள்?

ரோட்டுக்கு இறங்கும் பாதை முழுக்கக் கூடை சிதறிக் கிடந்தது. ஒருத்தி தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாள். ஒருத்தி கூந்தலுக்குள் குளவியோடு கத்திக்கொண்டே வந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏழு பேர் என்று நினைக்கிறேன். கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் பிழைத்தார்கள். எனக்கும் நல்ல கொட்டு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

வெள்ளையம்மா ஓடவில்லை. அவள் ஒருத்திதான் செடிக்கு அடியில் படுத்திருந்தாள். தொடக்கத்தில் வாங்கிய ஐந்தாறு கொட்டோடு தப்பினாள். அது எல்லாமே முகத்தில்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பெரட்டில் கம்பைக் கண்டாக்கு ஐயாவிடம் நீட்டினேன். “ஐயா, எனக்குக் கூடையையே குடுங்க.”

“ஏன் புள்ள, குளவிக்குப் பயந்துட்டியா?” என்று சிரித்தார்.

நான் தலையாட்டினேன். எல்லாரும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். முதலில் ஓடியது நான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஓய்வு வாங்கும் வரை கூடைதான். அந்தச் சுடுதண்ணிப் போத்தலை மட்டும் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

வெள்ளையம்மா புத்திசாலி, நான் வெறும் கால்காரி. இதுதான் அந்த நாளிலிருந்து நான் மனசில் எழுதிவைத்த பாடம். இப்போது இன்னொரு கால்காரி வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையில் கொடுக்கப்போவது இருபத்திரண்டு பேரையும் ஒரு கம்பையும் இல்லையே.

நிரோஷாவின் பதில்

சனிக்கிழமை காலை அவள் ஓட்டம் முடிந்து வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் பேசினேனோ, வாளி நிறைந்து வழிந்ததே தெரியவில்லை.

அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தாள்.

“குளவி கலைஞ்சா படுக்கணும்னு ஒங்களுக்குத் தெரியும். சரி. ஒரு நாளாவது படுத்துப் பழகியிருக்கீங்களா?”

“அத யாரும்மா பழகுவா?”

“கங்காணி வேல குடுத்தப்ப யாராவது ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களா?”

“கம்பக் குடுத்தாங்க.”

“கம்ப மட்டும் குடுத்தாங்க! எங்க மாஸ்டர் மொத நாளு என்னா செஞ்சாரு தெரியுமா? எங்கள ஓடவே விடல. விசில் ஊதுவாரு, நாங்க நிக்கணும். ஊதுவாரு, நிக்கணும். காலு துடிக்கும். அசைஞ்சவ வெளிய. ஒரு வாரம் இதேதான். நான் அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன், மறந்துட்டீங்களா? ஓட வந்தவள நிக்க வைக்கிறாருன்னு ஒங்ககிட்டதானே சொன்னேன்.”

சொன்னாள். நினைவு வந்தது. அன்றைக்கு அந்த மாஸ்டரை நான்கூடத் திட்டினேன்.

“அப்ப முந்தாநேத்துப் பேச்சுல, காலு மொதல்ல கெளம்பிரும்னு சொன்னியே?”

அவள் முகம் கொஞ்சம் மாறியது. “அது கை தட்டுவாங்கன்னு எழுதுனது,” என்றாள். பிறகு, “அத வெட்டிர்றேன்,” என்றாள்.

மெல்லிய குரலில் கேட்டாள்: “அத்தை, நீங்க வேணாம்னு சொல்லப் போறீங்களா?”

விசில் சத்தம் வேறு, குளவிச் சத்தம் வேறு. மைதானத்தில் நின்றவள் மலையில் நிற்பாளா? எனக்குத் தெரியவில்லை. மனசில் இருந்தது இதுதான்.

“நாளைக்கிச் சொல்றேன்,” என்றேன்.

வெள்ளையம்மா வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்ப் பிரிவுக்கு நடந்து போனேன். வெள்ளையம்மா அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் இப்போது இன்னும் மோசம். வாசலில் வெயிலுக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வா அழகம்மா. பேப்பர்ல எல்லாம் எழுதுறியாமே. எம் பேரு வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“என்னா இன்னும் இல்ல? அத்தன வருஷம் ஒன் பக்கத்து நெரையில நின்னவ நான். தேரப் பத்தி எழுதுன, கோழியப் பத்தி எழுதுன, என்னையப் பத்தி எழுதல.”

வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை.

“வெள்ளையம்மாக்கா, குளவி கலைஞ்ச அன்னிக்கி மொதல்ல ஓடுனது நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பின்ன? எங்கண்ணு முன்னாலதானே ஓடுன. கம்பு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.” அவளுக்குச் சிரிப்பு வந்து வெற்றிலை புரையேறியது.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். “நீ ஒருத்திதான் சரியா படுத்த. அந்தப் புத்தி எனக்கு இல்லாமப் போச்சேன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன்.”

“அடி போடி!” என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். “புத்தியில படுத்தேன்னா நெனச்ச? முட்டி புடிச்சுக்கிச்சு. எந்திரிக்க ஏலல. ஒன் காலு எனக்கு இருந்திருந்தா ஒனக்கு முந்தி நான் ரோட்டுல நின்னிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷப் பாடத்தை அவள் ஒரு தட்டில் தட்டிவிட்டாள்.

“சரி, அத எழுது,” என்றாள். “ஆனா நீ திரும்பி வந்தியே, அதையும் எழுது.”

“நானா? எங்க?”

“எங்கன்னா? என்கிட்டதான். மேல ஏறி ஓடி வந்து ஒன் படங்க எம்மேல போட்ட. எம்மேல ரெண்டு படங்கு கெடந்துச்சு. ஒன்னுல நீலத் துண்டு தச்சிருந்துச்சுன்னு என்னையத் தூக்க வந்தவங்க சொன்னாங்க. அது ஒன்னோடதுதானே?”

என் படங்கில் நீலத் துண்டு தைத்திருந்தது உண்மை. அன்றைக்கு அது காணாமல் போனதும் உண்மை. ஓடும்போது அவிழ்ந்து விழுந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நீ என்னையப் பாத்தியா?”

“எப்படிப் பாக்குறது? ரெண்டு கண்ணும் வீங்கி மூடிருச்சு. சத்தத்தக் கேட்டேன். தட தடன்னு மேட்டுல ஏறி வர்ற சத்தம். அப்படி ஏறுற காலு நம்ம மலையில வேற யாருக்கு இருந்துச்சு?”

“குளவிய வெரட்ட பெக்டரி ஆளுங்க பொகப் பந்தம் கொண்டுவந்தாங்களே. அவங்கள்ல யாராவது இருக்கும்.”

“அவனுங்க சப்பாத்துக் காலு. இது வெறுங்காலு.” பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஓடிப்போனவளுக்கு முதுகுலதானே கொட்டும்? ஒனக்கு எப்படி மூஞ்சியில அத்தன கொட்டு?”

“குளவிக்கு முதுகு எது, மூஞ்சி எதுன்னு தெரியுமா?” என்றேன்.

“நீ மாற மாட்ட,” என்று சொல்லி வெற்றிலையை மடித்து என் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை பஸ்

திரும்பி மேடு ஏறும்போது பல இடத்தில் நின்று நின்றுதான் வந்தேன். இப்போது என் கால் அப்படி. வீட்டு வாசலில் தம்பி உட்கார்ந்திருந்தான். உள்ளே நிரோஷா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. என் காலடி கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

“என்னாக்கா?” என்றான் தம்பி.

அவனுக்கும் குளவி கதையைச் சொன்னேன். ஓடினதைச் சொன்னேன். நான் திரும்பி வந்ததாக வெள்ளையம்மா சொன்னதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்ல?

“அப்ப வேணாங்கிறியா?”

“இல்ல தம்பி. எனக்குக் கம்பு மட்டுந்தான் குடுத்தாங்க. அவளுக்கு நிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இன்னும் சொல்லிக் குடுப்பாங்க. போகட்டும்.”

தம்பி எழுந்து உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் அவனுடைய சப்பாத்தும் பாலிஷ் டப்பாவும் இருந்தன.

“பழகிக்க,” என்று மகள் முன்னால் வைத்தான்.

மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். நேர்முகத் தேர்வில் அந்த மூன்றாவது தலைப்பைக் கேட்கவே இல்லையாம். எல்லாம் சிங்களத்தில் கேட்டார்களாம். கடைசியில் அங்கே இருந்த ஓர் அம்மா, “உங்களை அனுப்பியது யார்?” என்று கேட்டிருக்கிறார். “எங்கள் அத்தை” என்றாளாம். “அத்தை என்ன வேலை?” “கங்காணியாக இருந்தவர்.” அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, “அப்படியானால் கஷ்டமான வேலை பார்த்தவர்தான்,” என்றாராம். இதை நிரோஷா போனில் சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது அவள் பயிற்சியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச விடுகிறார்கள். “ஓடுறது கம்மிதான் அத்தை. நிக்கிறதுலதான் காலு வலிக்குது,” என்கிறாள். தம்பி போனை வாங்கி, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்பான். பிறகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பான்.

விளையாட்டு வீரர்கள் நல்ல அதிகாரிகள் ஆவார்களா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டாலும் ஐந்து நிமிடம் பேச எனக்கு வராது. வேகமான கால் ஒரு ஆளை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பதை என் விஷயத்திலேயே என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

கீழே இறங்கி ஓடியது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ரோட்டோரம் நின்றது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் வெள்ளையம்மா படுத்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெயில்தான்.

அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் சிலர் இப்போது கொழும்பிலும் வேறு ஊர்களிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உங்களில் யார் வீட்டிலாவது இந்தப் பத்திரிகை வந்தால், பிள்ளைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது ஏழு பேரா எட்டுப் பேரா என்று தெரிந்தால் திருத்துங்கள். பருந்துதானா, காற்றா, அதையும் சொல்லுங்கள். எந்த மாதம் என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் கட்டாயம் பார்த்துச் சொல்லுங்கள். நீலத் துண்டு தைத்த படங்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் திரும்பி ஏறியது யார்? வெள்ளையம்மா அதைக் காதால்தான் கேட்டாள். கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அது நான் இல்லை என்றாலும் எழுதுங்கள்.